பயத்தைப் படித்த நீதிபதி: மாண்டெஸ்கியூ

'அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டை வகுத்தவர் மாண்டெஸ்கியூ' என்ற ஒற்றை வரியைத் தாண்டிப் பாடப் புத்தகங்கள் போவதில்லையே, அந்த மனிதர் யார், முந்நூறு ஆண்டு கழித்தும் நீதிமன்றங்களில் அவர் பெயர் ஏன் அடிபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வில் மதிப்பெண் வாங்க அந்த வரி போதும். அவரைப் புரிந்துகொள்வதற்கு அதுவே இடைஞ்சல் என்பேன். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று மூன்று பெட்டி வரைந்து நடுவில் கோடு போட்டதோடு அவர் வேலை முடியவில்லை. ஆயுள் முழுவதும் அவரைத் துரத்திய விஷயம் பயம். ஆளுகிறவனைக் கண்டு ஆளப்படுகிறவன் நடுங்காமல் வாழ என்ன ஏற்பாடு வேண்டும்? மூன்று பெட்டிகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு அருகே லா பிரேத் என்ற கிராமத்தில், அகழி சூழ்ந்த கோட்டை வீட்டில் 1689 ஜனவரி 18 அன்று பிறந்தார். இயற்பெயர் சார்ல் லூயி தெ செகொந்தா. திருமுழுக்கின்போது ஊர்ப் பிச்சைக்காரர் ஒருவரையே ஞானத்தந்தையாக நிறுத்தினார்கள். ஏழைகள் தன் உடன்பிறந்தவர்கள் என்பதைப் பிள்ளை மறக்கக்கூடாது என்பதற்காக. பிறகு மூன்று ஆண்டுகள் ஊரில் ஒரு மாவு அரைக்கும் ஆலைக்காரர் வீட்டில் வளர்ந்தார். இதைக் கேட்டு அவரை ஏழைப் பங்காளர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நிலமும் பட்டமும் உள்ள பிரபு அவர். கடைசிவரை அப்படியே இருந்தார்.

1715இல் ழான் தெ லார்த்திக் என்ற பெண்ணை மணந்தார். பெருந்தொகை சீதனம் வந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பெண் புராட்டஸ்டன்ட். 1685இல் பதினான்காம் லூயி ஒரே ஆணையில் அந்தச் சமயத்தாரின் வழிபாட்டு உரிமையைப் பறித்துவிட்டிருந்தார். லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள், எஞ்சியவர்கள் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு மன்னனின் கையெழுத்து ஒரு குடும்பத்தின் கூரைக்குள் எப்படி இறங்கும் என்பதை மாண்டெஸ்கியூ சொந்த வீட்டிலேயே பார்த்திருக்கிறார். சமயத் துன்புறுத்தலைப் பற்றி எழுதும்போது மட்டும் அவருடைய நிதானம் கொஞ்சம் குலைவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மறு ஆண்டே பெரியப்பா இறந்துபோக, மாண்டெஸ்கியூ என்ற பட்டமும் போர்தோ உயர் நீதிமன்றத்தின் தலைவர்களுள் ஒருவர் என்ற பதவியும் 27 வயதில் கைக்கு வந்தன. அந்த நீதிமன்றத்துக்கு அன்று 'பார்லமாங்' என்று பெயர். இன்றைய நாடாளுமன்றத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நீதிபதிப் பதவி அன்றைய பிரான்சில் சொத்து. விலைக்கு வாங்கலாம், விற்கலாம், வாரிசுக்கு விடலாம். நமக்கு இது அருவருப்பாக இருக்கும். மாண்டெஸ்கியூ இதை எழுத்திலேயே ஆதரித்தார். வால்டேர் அதற்காக அவரைக் கிண்டலடித்தார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு தர்க்கம் உண்டு: காசு கொடுத்து வாங்கிய பதவியை மன்னனால் நினைத்த மாத்திரத்தில் பிடுங்க முடியாது. பிடுங்க முடியாத பதவியில் இருப்பவன்தான் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவான். மன்னனின் புதிய ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றும் முன் ஆட்சேபம் எழுதி அனுப்பும் உரிமை இந்த நீதிமன்றங்களுக்கு இருந்தது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் 'இடித்துரை' என்றுதான் வைப்பேன். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்று வள்ளுவர் எச்சரித்தார் அல்லவா? வள்ளுவரின் மன்னன் இடித்துரைப்பவரைத் தானே தேடித் துணையாக்கிக்கொள்ள வேண்டும். தேடாத மன்னனை என்ன செய்வது என்பதிலிருந்து மாண்டெஸ்கியூ தொடங்குகிறார். இடித்துரைப்பவரை மன்னனின் தயவு எட்டாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

நீதிமன்ற வேலை அவருக்குச் சலித்தது. போர்தோ அறிவியல் கழகத்தில் எதிரொலி பற்றியும் சிறுநீரகச் சுரப்பிகள் பற்றியும் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் 1721இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார்: 'பாரசீகக் கடிதங்கள்'. இஸ்பகானிலிருந்து பாரிஸுக்கு வந்த உஸ்பெக், ரிகா என்ற இரண்டு பாரசீகர்கள் ஊருக்கு எழுதும் கடிதங்கள். பிரெஞ்சு மன்னர் பெரிய மந்திரவாதி, காசில்லாதபோது ஒரு துண்டுக் காகிதத்தைக் காசு என்று குடிமக்களை நம்பவைத்துவிடுகிறார். அவரைவிடப் பெரிய மந்திரவாதி போப்பாண்டவர், மூன்று என்பது ஒன்று என்று மன்னரையே நம்பவைத்துவிடுகிறார் என்று ஒரு கடிதம் போகிறது. பாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தது. மறுபதிப்புகள் பறந்தன.

சிரிப்பின் அடியில் இருப்பதுதான் முக்கியம். பாரிஸில் உட்கார்ந்து சுதந்திரம், நீதி என்று அழகாகப் பேசும் இந்த உஸ்பெக், இஸ்பகானில் தன் அந்தப்புரத்தைக் காவலர்களின் சவுக்கால் ஆள்கிறான். பயத்தால் கட்டிய அந்த வீடு, அவன் இல்லாத காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. கடைசிக் கடிதம் அவன் மிகவும் நம்பிய மனைவி ரொக்ஸானுடையது. நஞ்சு அருந்திவிட்டு எழுதுகிறாள்: நான் அடிமையாக வாழ்ந்திருக்கலாம், ஆனால் என்றும் சுதந்திரமாகவே இருந்தேன். நாவலின் உண்மையான அரசியல் தத்துவம் பாரிஸில் நடக்கும் விவாதங்களில் இல்லை, அவளுடைய அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பயத்தை வைத்து அடக்கலாம், விசுவாசத்தை வாங்க முடியாது.

1726இல் பதவியை விற்றார். 1728இல் பிரெஞ்சு அகாதமி உறுப்பினரான கையோடு பயணம் புறப்பட்டார். வியன்னா, ஹங்கேரி, இத்தாலி, ஜெர்மனி, ஹாலந்து, பிறகு 1729 இறுதியிலிருந்து 1731 வரை இங்கிலாந்து. லண்டனில் நாடாளுமன்ற விவாதங்களைக் கேட்டார், ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஊர் திரும்பியபின் 1734இல் ரோமானியர்களின் எழுச்சி வீழ்ச்சி பற்றி ஒரு நூல். மற்றபடி திராட்சைத் தோட்டம், கணக்கு வழக்கு, நூலகம். அவர் கெட்டிக்காரத் தோட்டக்காரர். புதிதாகத் திராட்சை நடக்கூடாது என்று அரசு தடை விதித்தபோது, தன் நிலத்தில் எதை நடுவது என்று அதிகாரிகளைவிடத் தனக்கே நன்றாகத் தெரியும் என்று வாதாடி மனு எழுதியவர். பிற்காலத்தில், தன் புத்தகம் இங்கிலாந்தில் புகழ்பெற்றது தன் ஒயின் விற்பனைக்கும் உதவுகிறது என்று நண்பருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார்.

அந்தப் புத்தகம் 1748இல் வந்தது. 'சட்டங்களின் சாரம்', 31 பகுதிகள். பிரெஞ்சுத் தணிக்கைக்குப் பயந்து ஜெனீவாவில், ஆசிரியர் பெயரில்லாமல் அச்சானது. பார்வை ஏற்கெனவே மங்கிவிட்டதால், எழுத்தர்களையும் மகள் தெனீஸையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, வாயால் சொல்லி எழுதவைத்தவை அதில் ஏராளம். ஒழுங்காக ஓடும் நூல் அன்று. சில அத்தியாயங்கள் நீண்டு சலிப்பூட்டும். சில மூன்றே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

ஆட்சிகளை யார் ஆள்கிறார் என்பதைக் கொண்டு பிரிப்பது அரிஸ்டாட்டில் காலத்து வழக்கம். மாண்டெஸ்கியூ கூடவே இன்னொன்றைக் கேட்டார்: எந்த உணர்ச்சி அந்த ஆட்சியை ஓட்டுகிறது? குடியரசை ஓட்டுவது பொதுநலப் பற்று. மன்னராட்சியை ஓட்டுவது கௌரவம். கொடுங்கோன்மையை ஓட்டுவது பயம். கொடுங்கோன்மையை விளக்க அவர் எழுதிய அத்தியாயம் மொத்தமும் இவ்வளவுதான்: லூயிசியானாவின் காட்டுவாசிகள் பழம் வேண்டுமென்றால் மரத்தை அடியோடு வெட்டிப் பழத்தைப் பறிக்கிறார்கள்; கொடுங்கோல் ஆட்சி என்பது அதுதான். காட்டுவாசிகளைப் பற்றி அவர் சொன்னது அபாண்டம். கொடுங்கோலனைப் பற்றிச் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பதினோராம் பகுதி. சுதந்திரம் என்பதற்கு அவர் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள்: தனக்கு ஆபத்தில்லை என்று ஒவ்வொருவரும் நம்புவதால் வரும் மன அமைதி. ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனைக் கண்டு பயப்படத் தேவையில்லாத நிலை. வாக்குரிமை, புரட்சி என்றெல்லாம் தொடங்காமல் இரவில் நிம்மதியாகத் தூங்குவதிலிருந்து தொடங்குகிறார். அதிகாரம் கிடைத்த எவனும் எல்லை தட்டுப்படும்வரை அதைத் துஷ்பிரயோகம் செய்துகொண்டே போவான் என்பது அனுபவம். நல்லொழுக்கத்துக்கே கூட எல்லை வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். ஆகவே அதிகாரத்தை அதிகாரம்தான் தடுக்க வேண்டும், அப்படி ஏற்பாடு அமைய வேண்டும். சட்டம் இயற்றுபவனே அதைச் செயல்படுத்தினால், கொடுமையான சட்டத்தை இயற்றிக் கொடுமையாகவே செயல்படுத்துவான் என்ற பயம் வரும். நீதிபதியே சட்டமும் இயற்றினால் குடிமகனின் உயிர் அவன் இஷ்டத்துக்கு விடப்பட்டதாகிவிடும். ஒரே கையில் மூன்றும் சேர்ந்தால் எல்லாம் தொலைந்தது.

இங்கேதான் பாடப் புத்தகம் சறுக்குகிறது. மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர் வரைந்த ஏற்பாட்டில் மன்னர் சட்டமன்றத்தின் சட்டத்தை மறுக்கலாம். தன் சட்டங்கள் எப்படிச் செயல்படுத்தப்படுகின்றன என்று சட்டமன்றம் மன்னரின் அமைச்சர்களை விசாரிக்கலாம். பிரபுக்கள் சபை சில வழக்குகளை விசாரிக்கலாம். அதாவது ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மேலும், மன்னர், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று சமூகச் சக்திகளுக்கும் ஆளுக்கொரு பிடி கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தன் வர்க்கத்துக்கான இடத்தையும் பத்திரமாக ஒதுக்கிக்கொண்டார் என்று குற்றஞ்சாட்டுகிறவர்கள் உண்டு. குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: நீதித்துறை இன்று பெற்றிருக்கும் பலத்தை அவர் எதிர்பார்க்கவே இல்லை. நீதி வழங்கும் அதிகாரம் ஒரு வகையில் 'ஒன்றுமில்லாதது', நீதிபதி சட்டத்தின் சொற்களை உச்சரிக்கும் வாய் மட்டுமே என்றார். நிரந்தர நீதிபதிகளைவிட, மக்களிடமிருந்து அவ்வப்போது பொறுக்கியெடுத்த நடுவர் குழுவே மேல், ஏனென்றால் அப்போது மக்கள் பதவிக்குப் பயப்படுவார்களே தவிர ஆளுக்குப் பயப்பட மாட்டார்கள் என்பது அவர் வாதம். சட்டத்தையே ரத்து செய்யும் உச்ச நீதிமன்றங்களைப் பார்த்தால் திகைத்திருப்பார்.

அவர் இங்கிலாந்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அவர் லண்டனில் இருந்தபோது பிரதமர் ராபர்ட் வால்போல், நாடாளுமன்றப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டே அரசை நடத்திக்கொண்டிருந்தார், பிரிவினை எங்கே? 1867இல் ஆங்கில அரசியல் எழுத்தாளர் வால்டர் பாஜட், ஆங்கில அரசியலமைப்பின் ரகசியமே நிர்வாகமும் சட்டமன்றமும் ஏறக்குறைய ஒன்றாகக் கலந்திருப்பதுதான் என்று எழுதினார். ஆனால் மாண்டெஸ்கியூ கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை. ஆங்கிலேய அரசியலின் ஊழலைப் பற்றித் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அத்தியாயத்தின் முடிவிலேயே, ஆங்கிலேயர்கள் இந்தச் சுதந்திரத்தை இப்போது அனுபவிக்கிறார்களா என்று ஆராய்வது என் வேலை இல்லை, அவர்கள் சட்டங்களில் அது இருக்கிறது என்றால் போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். நீதிபதி எழுதிய வாக்கியம் அது.

அவரிடம் எனக்கு உடன்பாடில்லாத பகுதி ஒன்று உண்டு. நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆட்டு நாக்கு ஒன்றில் பாதியை உறையவைத்து உருப்பெருக்கியில் பார்த்தார். குளிரில் நாக்கின் மொட்டுகள் சுருங்கின. இதிலிருந்து குளிர்நாட்டார் திடமானவர்கள், வெப்பநாட்டார் மென்மையான கோழைகள் என்று ஒரு பாலம் கட்டினார். இந்தியர்கள் இயல்பிலேயே தைரியமற்றவர்கள் என்று எழுதினார். ஆசியா முழுவதையும் கொடுங்கோன்மையின் தாய்வீடாக்கினார். அங்கே குடிமக்களுக்குச் சொத்துரிமையே கிடையாது என்றார். ஆசியாவைக் கண்ணால் பாராமல், பயணக் குறிப்புகளை நம்பி எழுதியவை இவை. அவர் இறந்த அதே 1755ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கெத்தீல் துப்பெரோன் என்ற பிரெஞ்சு இளைஞர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். இந்தியாவில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சுற்றிவிட்டுத் திரும்பிய அவர், 1778இல் ஒரு நூல் எழுதி, ஆசிய நாடுகளில் எழுதப்பட்ட சட்டம் உண்டு, தனிச்சொத்து உண்டு, மன்னர்களையும் கட்டுப்படுத்தும் வழக்கங்கள் உண்டு என்று வரிசையாக மறுத்தார். 'கீழைக் கொடுங்கோன்மை' என்ற கதை, ஐரோப்பியர்கள் இங்குள்ள நிலத்தைப் பறிப்பதற்கு வசதியான சாக்கு என்பதையும் உடைத்துச் சொன்னார். ஆனால் மாண்டெஸ்கியூவைப் படித்தவர்களில் அங்கெத்தீலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? காலனி ஆட்சியாளர்களின் காதில் விழுந்தது ஆட்டு நாக்குதான்.

அதே நூலில் அடிமைமுறை பற்றிய அத்தியாயம் வேறு மாதிரி. கறுப்பினத்தாரை அடிமையாக்கும் உரிமையை நான் ஆதரிக்க வேண்டியிருந்தால் இப்படிச் சொல்வேன் என்று தொடங்கி, கரும்பு வெட்ட அடிமைகள் இல்லாவிட்டால் சர்க்கரை விலை ஏறிவிடும் என்கிறார். இவர்களை மனிதர்கள் என்று கருத முடியாது, அப்படிக் கருதினால் நாம் கிறிஸ்தவர்கள் இல்லை என்ற சந்தேகம் வந்துவிடும் என்று முடிவை நெருங்குகிறார். இது கடுமையான ஏளனம். அடிமை வணிகத்தில் கொழுத்த போர்தோ நகரின் பிரமுகர் இதை எழுதினார். ஆனாலும் வெப்ப நாடுகளில் அடிமைமுறைக்கு ஏதோ இயற்கைக் காரணம் இருக்கலாம் என்று சில அத்தியாயம் தள்ளி இழுக்கிறார். அந்த ஆட்டு நாக்கு இங்கேயும் குறுக்கே வருகிறது.

1751இல் கத்தோலிக்கத் திருச்சபை நூலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 1755 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் காய்ச்சலில் இறந்தார். எழுத்தாளர்களில் தித்ரோ ஒருவர்தான் இறுதி ஊர்வலத்தில் நடந்தார் என்பார்கள். சான் சுல்பீஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்ட உடல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் காணாமல் போனது.

செல்வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் பாதி, அவரைத் தங்களுக்கு வேண்டியபடி வாசித்தவர்களின் கதை. ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரின் 1767இல் வெளியிட்ட சட்டத் திட்ட அறிவுரையில் பாதிக்கு மேல் மாண்டெஸ்கியூவின் நூலிலிருந்து எடுத்தது. கொள்ளையடித்துவிட்டேன் என்று காதரினே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சித்திரவதைக்கு எதிரான கருத்துகளை எடுத்துக்கொண்டார். பரந்த நாட்டுக்கு ஒற்றை ஆளின் முழு அதிகாரம் தேவை என்ற வரியையும் அங்கிருந்தே உருவிக்கொண்டு, அதிகாரத்தை அதிகாரம் தடுக்க வேண்டும் என்பதை அவர் வாசலிலேயே விட்டுவிட்டார். அமெரிக்காவில் 1787-88 விவாதங்களில் இரண்டு தரப்பும் அவரையே சாட்சிக்கு அழைத்தன. குடியரசு சிறிய நிலப்பரப்பில்தான் பிழைக்கும் என்று அவர் சொன்னதைப் புதிய அரசியலமைப்பின் எதிரிகள் காட்டினார்கள். சிறு குடியரசுகள் கூட்டாட்சியாகச் சேரலாம் என்று அவர் சொன்னதை, அந்த அரசியலமைப்பை ஆதரித்த ஹாமில்டன் காட்டினார். பிரிவினை என்றால் முழுத் தனிமை அல்ல என்று ஜேம்ஸ் மேடிசன், அந்த அரசியலமைப்பை ஆதரித்து வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 47ஆவதில் விளக்கியதுதான், என் பார்வையில், அவருக்குக் கிடைத்த மிகச் சரியான வாசிப்பு. 1789இன் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் 16ஆவது பிரிவு, அதிகாரப் பிரிவினை இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே இல்லை என்றது.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா முழுமையான அதிகாரப் பிரிவினையை எழுதிவைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்; ஏற்கப்படவில்லை. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற 50ஆவது பிரிவு மட்டும் வழிகாட்டு நெறியாக நின்றது. பின்னர் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சிக்ரி, நாடாளுமன்றத்தாலும் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக் கூறுகளில் ஒன்றாக அதிகாரப் பிரிவினையைக் குறிப்பிட்டார்.

ஆனால் மாண்டெஸ்கியூவின் பயம் எது என்று காட்ட நான் எடுத்துச்சொல்லும் வழக்கு இலங்கையுடையது. அங்கே இக்கோட்பாட்டுக்கு 'வலுவேறாக்கம்' என்று பெயர். நம் சொல்லைவிட எனக்கு அது பிடிக்கும். 1962 ஜனவரியில் இராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு, நடக்கும் முன்பே முறியடிக்கப்பட்டது. பிடிபட்டவர்களைத் தண்டிப்பதற்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது முன்தேதியிட்டு அமலுக்கு வந்தது. சாட்சிய விதிகளை மாற்றியது, குறைந்தபட்சத் தண்டனையை உயர்த்தியது, விசாரிக்கும் நீதிபதிகளை நீதி அமைச்சரே நியமிக்கலாம் என்றது. நியமிக்கப்பட்ட மூன்று நீதிபதிகளும் இருக்கையில் அமர்ந்து, எங்களை அமைச்சர் நியமித்ததே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது, மறுபடி விசாரணை நடந்தது, 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1965 டிசம்பரில், அன்று இலங்கைக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அத்தனை தண்டனைகளையும் ரத்து செய்தது. இலங்கையின் அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் வலுவேறாக்கம் என்ற சொல் இல்லாவிட்டாலும் அதன் அமைப்பிலேயே அது இருக்கிறது. குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம் நீதிபதியின் நாற்காலியில் ஏறி உட்காருவதாகும் என்பது காரணம். அந்த அதிகாரிகள் குற்றமற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பு, மூன்று அதிகாரங்களையும் தேசிய அரசுப் பேரவையின் கையிலேயே கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியும் மூடப்பட்டிருந்தது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றால், 'சட்டங்களின் சாரம்' நூலை முதல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், நூறு பக்கத்துக்குள் தூங்கிவிடுவீர்கள். முதலில் 'பாரசீகக் கடிதங்கள்'. ரொக்ஸானின் கடைசிக் கடிதம்வரை விடாமல் படியுங்கள். அதன்பின் பதினோராம் பகுதியின் ஆறாம் அத்தியாயம், பதினைந்தாம் பகுதியின் ஐந்தாம் அத்தியாயம். ஆட்டு நாக்கு பதினான்காம் பகுதியில் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.